அரை நொடி முந்தும் அண்ணன்

‘வாரணம் ஆயிரம்’, ‘3’ படங்களின் மறுவெளியீட்டுக்குப் போனவர்கள் திரையோடு சேர்ந்து பாடினார்கள். 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி வந்தபோது தென்பட்ட நம் அண்ணன் வேறு ரகம். அவர் திரைக்காகக் காத்திருப்பதில்லை.

வயது நாற்பதைத் தொட்டிருக்கும். படம் முதலில் வந்த 2004இல் கல்லூரி. ஓரச் சீட்டில்தான் உட்காருவார். ‘அப்படிப் போடு’ பாட்டு வந்தால் திரைக்கு முன்னால் ஓட வழி வேண்டுமல்லவா? பிரகாஷ்ராஜ் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்பே முத்துப்பாண்டியின் ‘செல்லம்’ அண்ணன் வாயிலிருந்து வந்துவிடும். திரையில் அப்புறம் வருவது வெறும் எதிரொலி. அண்ணன் உச்சுக் கொட்டுவார்: பிரகாஷ்ராஜ் இன்றைக்கும் லேட்.

விஜய் படத்தில் வில்லனுக்கு இத்தனை விசிலா என்று கேட்கக் கூடாது. இருபது வருடம் டிவியில் பார்த்துப் பார்த்து ஏறிய பாசம் அது. விளம்பர இடைவேளை எங்கே வரும் என்பதுகூட அண்ணனுக்கு மனப்பாடம். தியேட்டரில் அந்த இடத்தில் படம் நிற்காமல் ஓடும்போதுதான் சற்றுத் தடுமாறுவார்.

பக்கத்துச் சீட்டுத் தம்பி, படம் வந்த பிறகு பிறந்தவன். “அண்ணா, இப்ப மாட்டிக்குவாங்களா?” என்றான்.

“நீ பாத்ததே இல்லையா? டேய், இவன் ஃபர்ஸ்ட் டைம்டா!” வரிசையே திரும்பிப் பார்த்தது.

நியூயார்க்கில் 1976 முதல் நள்ளிரவுக் காட்சியாக ஓடிய ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’வின் ரசிகர்கள் கல்யாணக் காட்சிக்கு அரிசி வீசுவார்கள், புதிதாக வருபவர் முகத்தில் லிப்ஸ்டிக்கால் அடையாளம் போடுவார்கள். அண்ணன் அவ்வளவு கொடுமைக்காரர் இல்லை. “நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீயே பாரு” என்றவர், ஐந்தே நிமிடத்தில் கிளைமாக்ஸ் வரை சொல்லி முடித்தார்.

படத்தின் கடைசி ஆட்டத்தில் நாயகன் வேலுவோடு அவரும் கபடி பாடிப் போனார். வேலு கோட்டைத் தொட்டுத் திரும்பினார். அண்ணனுக்குப் பாதியிலேயே மூச்சு போய்விட்டது. தொப்பை அவுட்.

விளக்கு போட்டதும், “எப்படி?” என்றார்.

“செமண்ணா. ஆனா ஒரு வசனம்கூட காதுல விழல.”

அண்ணன் கோபப்படவே இல்லை. “எது விழல, சொல்லு” என்று பைக் ஸ்டாண்டிலேயே முதல் சீனிலிருந்து ஆரம்பித்தார். அங்கே பிரகாஷ்ராஜின் தொந்தரவும் இல்லை.