தூசிக்கு மாதச் சந்தா

எண்பதுகளின் கடைசியில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு வாய்த்த கலைப்பணி, தூசி எடுப்பது. நெகட்டிவில் தூசி உட்கார்ந்திருந்தால் பிரிண்டில் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக விழும். பூஜ்யம் நம்பர் பிரஷ்ஷை நாக்கில் வைத்துக் கூராக்கி, தண்ணீர் விட்டு இளக்கிய கறுப்பு மையைத் தொட்டு, சுற்றியிருக்கும் சாம்பல் நிறத்தோடு கலக்கும்வரை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். சாயங்காலம் பார்த்தால் நாக்கு கறுத்திருக்கும். பெண் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கும் படம் என்றால் ஸ்டுடியோ முதலாளி அண்ணாச்சி பின்னாலேயே நிற்பார். “கன்னத்துல வெள்ளையாக் கெடந்தா மாப்பிள்ள வீட்டுக்காரன் தேமல்னு நெனச்சிருவாம்ல. நல்லாப் பாத்து வையி.”

என் அக்கா மகன் குறும்படம் எடுக்கிறான். அவன் போனில் ஒரு ஆப். பளிங்குபோல எடுத்த காட்சியை அதில் போட்டு, ‘டஸ்ட்’ என்று எழுதியிருப்பதை வலப்பக்கம் இழுத்தால் தூசி கொட்டுகிறது. அதற்கு மாதச் சந்தா வேறு.

“இது எதுக்குடா?”

“ஒரு ஃபீல், மாமா.”

தூசியோடு நின்றால் பரவாயில்லை. கேமராவின் பின்மூடி சரியாக மூடாமல் வெளிச்சம் புகுந்து, கலர் படத்தின் ஓரம் ஆரஞ்சாகத் தீப்பிடித்த மாதிரி வரும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்ததைப் பெரிதாக்கினால் மாமியார் முகமெல்லாம் ரவையாகக் கிரெய்ன் கிளம்பும். இதற்கெல்லாம் அண்ணாச்சி காசைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒரு பெண்ணின் தகப்பனார் கடை வாசலில் போட்ட சத்தத்தில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அந்த ஆரஞ்சு நெருப்பு இன்று ‘லைட் லீக்’ என்ற பெயரில் விலைக்குக் கிடைக்கிறது. பத்து வகை வாங்கினால் சலுகை உண்டாம்.

அப்போது குறும்படம் என்பது எங்காவது போட்டால் பார்ப்பது. மெட்ராஸ் போயிருந்தபோது ஒரு திரைப்படச் சங்கத்தில், 16 எம்.எம். புரொஜெக்டர் கடகடக்க, கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெட்டே’ பார்த்தேன். 1962இல் வந்த பிரெஞ்சுப் படம், 28 நிமிடம். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துபோய், நிலத்தடியில் கைதியாகக் கிடக்கும் ஒருவனைக் கடந்த காலத்துக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். படம் முழுக்க அசையாத புகைப்படங்கள்தான், கூடவே கதை சொல்லும் ஒரு குரல். ஓர் இடத்தில் மட்டும், தூங்குகிற பெண்ணின் படங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கரைந்து வந்து, சட்டென்று அவள் கண் திறந்து இமைக்கிறாள். சில நொடிதான். பிறகு பழையபடி புகைப்படம். ரோலுக்கு 36 என்று எண்ணி எண்ணி எடுத்துப் பழகிய எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. கலை பாதி, மீதி வியாபாரம். ‘அட, இது நம்ம கல்யாண ஆல்பம்தானே, குரல் கொடுக்க ஒரு ஆள் கிடைத்தால் போதுமே’ என்று திரும்பி வந்த ரயிலெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மருமகனுக்கு லிங்க் அனுப்பினேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து முடித்துவிட்டான். “நல்லாருக்கு மாமா. வீடியோவாவே எடுத்திருக்கலாம்.” அவள் கண் திறக்கிற இடம் எப்படி என்று கேட்டேன். “திறக்குதா?” நடுவில் அவனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது.

அவனைச் சொல்லி என்ன? 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. சென்சார் எங்கள் ஃபிலிம் கட்டத்தின் அளவேதான், 36க்கு 24 மில்லிமீட்டர். போட்டோவுக்கு வாங்கிய கேமராவில் முழு எச்.டி. வீடியோவும் வர, ஆளுக்குப் பின்னால் உலகமே வெண்ணெயாய்க் குழைந்தது. கலைஞர் டிவியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி வழியே வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012இல் ‘பீட்சா’வும், நலன் குமரசாமி 2013இல் ‘சூது கவ்வும்’ படமும் கொடுத்தார்கள். அதன்பிறகு தெருவுக்கு நாலு குறும்படம். சிலது நிஜமாகவே நன்றாக இருக்கும். எந்த ஊரில் எடுத்தது என்றுதான் தெரியாது, அவ்வளவு மங்கல்.

மருமகனின் புதுப் படம் ஒரு பழைய போட்டோகிராபரைப் பற்றி. அண்ணாச்சியைப் பற்றி அவனுக்குச் சொன்னது நான்தான். அவன் எழுதிவந்த கதையில், டிஜிட்டல் வந்ததும் பெரியவர் டார்க் ரூமில் கேமராவைக் கட்டிக்கொண்டு உயிரை விடுகிறார். வெளியே மழை, வயலின். நிஜத்தில் அண்ணாச்சி எல்லோருக்கும் முன்னால் மோப்பம் பிடித்து, யாஷிகாவையும் என்லார்ஜரையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, டார்க் ரூம் சுவரை இடித்து ஜெராக்ஸ் மெஷின் போட்டார். “ஹைப்போ நாத்தம் ஒழிஞ்சிது” என்பதுதான் அன்று அவர் ஆற்றிய இரங்கல் உரை. இதைச் சொன்னதும் மருமகன் முகம் சுருங்கிவிட்டது. “அது கதைக்கு ஒத்துவராது மாமா.”

போன வாரம் அண்ணாச்சியே கூப்பிட்டார். “ஒம் மருமவன் வந்தாம்ல. டார்க் ரூம் செட்டு போடணும், கடையக் குடுங்கன்னு கேக்கான். நாள் வாடகை சொல்லியிருக்கேன். ஜெராக்ஸ் மெஷின நகத்துததுக்குத் தனி.”