மடையானும் பென்சிலும்

இயற்கை ஓவியத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் 'களவரைவு' என்று பெருமையுடன் குறிப்பிடுவது, உயிரினத்தை அதன் வாழிடத்திலேயே கண்டு, அது நகருமுன் கோடுகளில் பிடித்துவிடும் முயற்சியை. பிடிபடுவது பெரும்பாலும் வாலின் நுனிதான். ஏரிக்கரையில் சிலைபோல் நிற்கும் மடையான் இவர்களுக்கென்றே படைக்கப்பட்டதாகத் தோன்றினும், கழுத்தின் பழுப்புக் கீற்றுகளை ஒவ்வொன்றாகத் தீட்டி முடிக்கும் தறுவாயில் அது எழுந்து, அதுவரை மடித்து மறைத்திருந்த தூவெள்ளைச் சிறகுகளை விரித்துக் காட்டி, வரைந்தவர் கண்டது பாதிப் பறவையே என்பதை அறிவித்துவிட்டுப் பறந்துவிடுகிறது.

1827 முதல் 1838 வரை அமெரிக்கப் பறவைகளை 435 படங்களாக வெளியிட்ட ஜான் ஜேம்ஸ் ஆடுபன் இச்சிக்கலுக்கு உறுதியான தீர்வு கண்டிருந்தார்: பறவையைச் சுட்டு, கம்பியால் பலகையில் நிறுத்தி, உயிர்த்துடிப்புடன் வரைந்தார். ஆல்பிரெக்ட் ட்யூரரோ 1515-இல் காண்டாமிருகத்தைக் காணாமலேயே, அதன் முதுகில் இல்லாத குட்டிக் கொம்பொன்றையும் சேர்த்து, மரச்செதுக்கு அச்சாக, அதாவது கட்டையில் செதுக்கி மையிட்டு ஒற்றிய படமாக, வெளியிட்டார். ஐரோப்பா இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதை நம்பியது. தாம் வரைந்த மீன்கொத்தியை வீட்டார் கோழி என்று அடையாளம் காணும்போது ஞாயிற்றுக்கிழமை ஓவியர் ட்யூரரைத் துணைக்கு அழைக்கலாம்; ஆடுபனின் வழிக்கு இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது.