அங்கண அடைப்பியல்: அல்லிநகரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அரிசியை ஆய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். அந்த அரிசியைக் களைந்த தண்ணீர் அங்கணக்குழியில் இறங்காமல் நிற்பதை ஆய்ந்தவர் ஒருவரையும் அடியேன் சந்தித்ததில்லை. இக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் தேனி அல்லிநகரம். ஆய்வுமுறை: எட்டிப்பார்த்தல், மோந்துபார்த்தல், குழிக்குள் கையை விடுதல், அதுவும் ஆகாதபோது கைவிடுதல்.

முன்னோர் சொன்னதை முதலில் பார்ப்பது ஆய்வு மரபு. வள்ளுவர் அங்கணத்தை அறிந்தவர். அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில், எண் 720, தனக்கு ஒவ்வாதவர் கூட்டத்தில் போய்ப் பேசுவது அங்கணத்தில் அமிழ்தத்தைக் கொட்டுவதற்குச் சமம் என்கிறார். அமிழ்தம் வீணாகிறதே என்ற கவலை அவருக்கு இருக்கிறது. அங்கணம் என்ன பாடுபடும் என்ற கவலை இல்லை. பாற்கடலைக் கடைந்து எடுத்த சரக்கு என்பதால் அதில் கொழுப்பு கணிசமாக இருந்திருக்க வேண்டும். கொட்டியவர் வீட்டில் மறுநாள் தண்ணீர் நின்றிருக்கும் என்று துணிந்து சொல்லலாம். உரையாசிரியர்கள் இந்த இடத்தைத் தொடாமலே போனது, அவரவர் வீட்டில் பாத்திரம் கழுவியது அவர்கள் அல்லர் என்பதற்கு அகச்சான்று.

புறச்சான்றுக்கு வைகைக் கரையோடு கீழே இறங்க வேண்டும். கீழடியில் 2019இல் நடந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில் சுடுமண் குழாய்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண் அடைத்துக் கிடந்த குழாயைத் தூரிகையால் துடைத்துத் துடைத்து வெளியே எடுத்தார்கள். இவ்வளவு பொறுமையாக அடைப்பெடுக்கும் ஆட்கள் தமிழ்நாட்டில் வேறு எங்கும் இல்லை. ஆனால் நம் வீட்டுக்குக் கூப்பிட்டால் தொல்லியல் துறை வராது.

இனி களத்துக்கு வருவோம். அல்லிநகரத்துப் பழைய வீடுகளில் அங்கணம் என்பது அடுப்படி மூலையில் கல் பாவிய ஒரு சதுரம். சுவரில் ஒரு துவாரம். துவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாழை. கழுவிய தண்ணீர் நேராக வாழைக்குப் போகும். வாழை அதில் சோற்றுப் பருக்கை கிடக்கிறதே என்று யாரிடமும் புகார் சொன்னதில்லை. இரவில் பெருச்சாளி உள்ளே நுழையாமலிருக்கத் துவாரத்தில் பழந்துணியைத் திணிப்பார்கள். ஆக, அக்காலத்தில் அடைப்பு என்பது வீட்டார் விரும்பிச் செய்துகொண்ட ஒன்று. விடிந்ததும் துணியை உருவினால் தீர்ந்தது.

வளைவு வந்தது, வினையும் வந்தது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கழிப்பறைக் குழாயை எஸ் எழுத்துப்போல் வளைத்து 1775இல் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று நாற்றத்தை மேலே வரவிடாமல் மறிக்கும். இன்று சிங்க்குக்குக் கீழே தொங்குகிற வளைவும், குளியலறைத் தரையில் பிளம்பர்கள் நானி ட்ராப் என்று பதிப்பதும் அந்தக் கடிகாரக்காரரின் வம்சம்தான். தண்ணீர் நிற்கிற இடத்தில் தண்ணீரோடு வந்ததும் நிற்கும் என்பதை அவர் யோசித்தாரா என்றால், அவர் வீட்டில் சாம்பார் கிடையாது.

அடைப்புக்குக் காரணம் யார்? இதில் ஊருக்குள் இரண்டு பெரும் பள்ளிகள் உண்டு. மருமகளின் தலைமுடி என்பது மாமியார் பள்ளி. மாமியார் ஊற்றும் டீத்தூளும் கஞ்சியும் என்பது மருமகள் பள்ளி. வீட்டு ஆண்கள் தங்களை நடுநிலை ஆய்வாளர்களாக அறிவித்துக்கொண்டு பேப்பரோடு திண்ணைக்குப் போய்விடுவர்.

பொருளைக் கேட்டால் அதுவே சொல்லும். நானி ட்ராப்பிலிருந்து கம்பியில் மாட்டி வெளியே வருகிற உருண்டையை, மூக்கைப் பொத்திக்கொண்டாவது, ஒரு தடவை உற்றுப்பார்க்க வேண்டும். கறுப்பாக, வழுவழுவென்று இருக்கும். உள்ளே முடி. முடியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பசை. போர்த் தண்ணீரில் இருக்கிற கால்சியம் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பொருளாக மாறிப் படிந்ததுதான் அது. அதற்குள் சீயக்காய்த் துகள், பாதி ஸ்டிக்கர் பொட்டு, பல்லால் கடித்துக் கிழித்த ஷாம்பு பாக்கெட்டின் முக்கோண மூலை. பாக்கெட்டைப் பத்திரமாகக் குப்பையில் போடுகிற நாம், அந்த மூலையை மட்டும் எங்கே துப்புகிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பாக்கெட் ஷாம்புவை நாடெங்கும் பரப்பியதில் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. மூலையைப் பரப்பிய பங்கு நம் எல்லோருக்கும் உண்டு.

சிங்க்கின் கதை வேறு. அங்கே எண்ணெய்தான் முதல் எதிரி. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மேற்குமலைக் காற்று இறங்குகிற மார்கழி விடியலில் அல்லிநகரத்துச் சமையலறைக் குழாய்க்குள் என்ன நடக்கும் என்பதை அலமாரியில் கட்டியாய் நிற்கிற எண்ணெய் பாட்டில் சொல்லும். கொழுப்போடு கஞ்சியின் பசை சேரும், பசையில் டீத்தூள் ஒட்டும். 2017இல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு 130 டன் எடையில் ஒரு கொழுப்புக்கட்டியைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். நம் ஊரில் அதே பொருளைத் தெருவோரம் எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம். பார்வையாளருக்குக் கட்டணம் இல்லை.

முடியும் எண்ணெயும் துணைக் காரணங்களே. மூலக்காரணம் இன்னது என்பதைப் பிளம்பர் வரும்போது நடக்கிற ஓர் உரையாடல் காட்டும்.

“அக்கா, குழி மேல இருந்த சல்லடை மூடிய யாரு எடுத்தது?”

“தண்ணி இறங்க மாட்டேங்குதுப்பா, அதான் எடுத்து ஓரமா வச்சேன்.”

இதுதான் அடைப்பியலின் தலையாய விதி. சல்லடை மூடி தன் வேலையைச் செய்கிறது. முடியையும் பருக்கையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்து வைத்ததால் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. மெதுவாக இறங்குவதால் மூடிதான் குற்றவாளி என்று முடிவாகிறது. மூடியைத் தூக்கிய மறுகணம் தண்ணீர் மடமடவென்று போகிறது. என்ன ஒரு நிம்மதி! அத்தனை குப்பையும் அதோடு போய் வளைவில் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே, அடைப்பு தொடங்குவது தண்ணீர் நிற்கிற நாளில் அன்று, தண்ணீர் மிக நன்றாகப் போன நாளில். மாமியார் பள்ளியும் மருமகள் பள்ளியும் தெரியாமல் ஒன்றுபடுகிற ஒரே இடம் இந்த மூடியைத் தூக்குதல்.

மாற்று வாதங்களையும் மறுத்தாக வேண்டும். கொதிநீர்வாதிகள் ஒரு குண்டான் வெந்நீரைக் கொட்டுவர். கொழுப்பு இளகும், இளகி நாலடி தள்ளிப்போய், கைக்கு எட்டாத இடத்தில் மறுபடி உறையும். பி.வி.சி. குழாய்க்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகவும் ஆகாது. சோடாப்பும் வினிகரும் ஊற்றுகிறவர்கள் நுரை பொங்குவதைப் பார்த்துப் பரவசப்படுகிறார்கள். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சுவது உப்புக் கரைந்த தண்ணீர். முடி அப்படியே இருக்கும். காஸ்டிக் சோடா முடியைக் கரைக்கும் என்பது உண்மை, கையையும் கரைக்கும் என்பது அதைவிட உண்மை. ஆசிட் ஊற்றிய குழியில் பிளீச்சிங் பவுடரைப் போடுவதை மட்டும் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவரும் செய்யக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி ஆளையே சாய்த்துவிடும். கொத்தனார் தரையில் வாட்டம் விடவில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். ஆனால் வீடு கட்டி முடித்தபின் கொத்தனாரைக் கண்டுபிடிப்பது தனி ஆய்வு.

கடைசியாக, ‘நாளைக்கு வாரேண்ணே’ என்ற பிளம்பருக்காகக் காத்திருக்கும் மரபு. மதுரை–போடி ரயில் தடம் 2010 முடிவில் மூடப்பட்டு, தேனிக்கு மறுபடி ரயில் வர 2022 மே மாதம் ஆயிற்று. அதைப் பொறுத்த ஊர் இதையும் பொறுக்கும்.

குழாயைத் தாண்டிப் போனதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. வீட்டில் நாம் தூக்கி வைத்த மூடியின் பலன் செப்டிக் டேங்கிலும் தெருச் சாக்கடையிலும் போய்ச் சேர்கிறது. அங்கே அதை எடுப்பவர் நம் வீட்டு ஆள் இல்லை. செப்டிக் டேங்குக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய அளவுக்குச் சாவு நிற்கவில்லை என்று பொருள். தொட்டி நிறைந்தால் ஆளைத் தேடாமல் 14420க்கு போன் செய்து லாரியை வரவழைக்க வேண்டும்.

நடைமுறைக் குறிப்பு ஒன்று மீதி இருக்கிறது. ஆண்டின் மிகப்பெரிய அடைப்பு தீபாவளி விடியற்காலையில் நிகழ்வது. தலைக்கு எண்ணெய், அதன்மேல் சீயக்காய், வீடு முழுக்க விருந்தாளிகள், ஒரே குளியலறை, ஒரே குழி. முந்தின வாரமே சல்லடை மூடியைத் தேடி எடுங்கள். ஓரமாய் வைத்தது வாளிக்குப் பின்னால்தான் கிடக்கும். ஒவ்வொருவர் குளித்ததும் அதில் சேர்ந்ததை ஒரு காகிதத்தில் வழித்துக் குப்பையில் போடுங்கள். பலகாரம் சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் கவிழ்க்காதீர்கள். தீபாவளியன்று எந்தப் பிளம்பரும் வரமாட்டார்.