தனி அலுவலர்: இரண்டாவது இன்னிங்ஸ்

டிரம்பின் முதல் ஆட்சிக்கும் இரண்டாம் ஆட்சிக்கும் ஆறு வித்தியாசம் தேடுவது உலகத்தாருக்குப் பொழுதுபோக்கு. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்கு அந்தக் கவலை வேண்டாம். இரண்டு முறை பதவிக்கு வந்த பிரசிடெண்ட் இங்கேயும் உண்டு. பெயர், தனி அலுவலர்; தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாதபோது ஊராட்சியை நடத்தும் அரசு அதிகாரி.

முதல் முறை வந்தது 2016 அக்டோபரில். உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, சில மாதத்துக்கென்று உட்கார்ந்தவர் மூன்று வருஷம் தாண்டித்தான் எழுந்தார். இரண்டாம் முறை வந்தது 2025 ஜனவரியில், 2019 டிசம்பரில் ஜெயித்தவர்களின் ஐந்தாண்டு முடிந்த கையோடு. முதல் முறை அ.தி.மு.க. விளக்கம் சொன்னது, தி.மு.க. கண்டித்தது. இரண்டாம் முறை தி.மு.க. விளக்கம் சொன்னது, அ.தி.மு.க. கண்டித்தது. வேறு வித்தியாசம் எதுவும் தட்டுப்படவில்லை.

பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஓட்டுக் கேட்கவில்லை, ஆகவே வாக்குறுதியும் தரவில்லை. ஒன்றியத்தின் ஊராட்சிகளை எல்லாம் ஒரே ஆள் சுமக்கிறார்.

பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடி என்கிறது அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு. இரண்டு முறையும் அது நடக்கவில்லை. ஆனால் இதே ஏரியில், இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் ‘பாடு’ முறையில் மீனவர்களே தலைமுறைகளாகத் தீர்மானித்து வருகிறார்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் ஒருமுறை பசியாவரத்துக்கு வந்து, முறை தவறாமல் இருப்பது எப்படி என்று கேட்டுப் போகலாம்.