சின்னசாமியில் ஒரு மஞ்சள் சட்டை

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, சின்னசாமி மைதானத்தில் ஆர்.சி.பி. கூட்டத்துக்கு நடுவே சென்னை அணியின் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்து விசில் அடிக்கிறான். போன இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா?
— ஒரு வாசகி, வேலப்பன்சாவடி

பதில்: உங்கள் தம்பி ஒற்றை ஆள். 2018-இல் ஒரு ரயிலே போனதம்மா! காவிரிப் போராட்டம் சூடாக இருந்த நேரம். ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் ஆட்டம். மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மிச்ச உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. உடனே சென்ட்ரலிலிருந்து 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' கிளம்பியது. சுமார் ஆயிரம் பேர், பெட்டி பெட்டியாக மஞ்சள். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து சேப்பாக்கம் போவதற்கு, படுத்துக்கொண்டே புனே போவது மேல் என்று உங்கள் ஏரியாக்காரர்கள் சிலரும் ஏறியிருக்கலாம். ஏப்ரல் 20 அன்று ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் 106 அடித்தார். 64 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அந்த வருஷக் கோப்பையும் நமக்கே.

இன்னொன்று. சென்னை அணிக்குத் தடை இருந்த 2016, 2017-இல் தோனியே புனே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டார். ரசிகன்தான் மஞ்சளை மடித்து பீரோவில் வைத்துவிட்டுக் காத்திருந்தான்!

ஆர்.சி.பி. ரசிகர்களும் முதல் கோப்பைக்காக 2025 வரை பொறுத்தவர்கள். தம்பியின் விசிலையும் பொறுப்பார்கள். ஆனாலும் சென்னை ஜெயிக்கிற ராத்திரியில், ஆட்டோவுக்குக் கை காட்டும் முன் சட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.