நாயின் சந்நிதியில்

வளர்ப்புப் பிராணிகள் மனித இருதயத்துக்குச் செய்யும் உபகாரத்தைப் பற்றி வெகுகாலம் வாளாவிருந்த வைத்திய சாஸ்திரம், 1980-ஆம் வருஷத்தில், இருதய நோயில் படுத்தெழுந்த 92 அமெரிக்கர்களை ஓராண்டு கவனித்த எரிகா ஃப்ரீட்மன் குழுவினரின் வாயிலாகத் திடீரென்று பேசத் தொடங்கிற்று. பிராணி வளர்த்த 53 பேரில் மூவரும், வளர்க்காத 39 பேரில் பதினொருவரும் அவ்வாண்டுக்குள் காலமானார்கள் என்பது அவர்கள் வெளியிட்ட கணக்கு. நாயோடு நடந்ததன் பலன்தானே என்று அலட்சியமாகச் சொல்லவும் இடமில்லை, ஏனெனில் நடக்கவே சம்மதிக்காத பிராணிகளை வளர்த்தவர்களும் அதில் பிழைத்துக் கிடந்தார்கள்.

இவையெல்லாம் பொது விஷயம். என் குடும்ப விஷயம் 2002-இல்தான் அச்சேறியது. பஃபலோ சர்வகலாசாலையைச் சேர்ந்த கேரன் ஆலன் அம்மையாரும் சகாக்களும் 240 தம்பதிகளைப் பிடித்து, ஒரு பெரிய எண்ணிலிருந்து மும்மூன்றாகக் கழித்துக்கொண்டே போகும்படியும், பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் கையை அமிழ்த்தியிருக்கும்படியும் ஏவி, அருகில் யார் இருந்தால் ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பார்த்ததில், கைப்பிடித்த துணையின் பிரசன்னத்தில் சித்திக்காத சாந்தம், நாயோ பூனையோ பக்கத்தில் கிடந்த மாத்திரத்தில் சித்தித்ததாம்!

மனைவி மனம் நோவாளே என்று அந்தப் பத்திரிகையை நான் தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருக்க, அவளோ முன்னமே படித்து முடித்திருந்தாள். "அதுல புருஷங்களையும் சேர்த்துத்தானேங்க சொல்லியிருக்கு?" என்றாள்.

அன்றுமுதல் மாதக் கடைசியில் அவள் மளிகைக் கணக்குப் பார்க்கும் வேளையில் எனக்குத் திண்ணையும், எங்கள் நாய் மணிக்குக் கூடமும் என்று ஏற்பாடாயிற்று. ஏழும் எட்டும் பதினாறு என்று அவள் கூட்டினாலும் மணி வாலை ஆட்டுகிறது. பதினைந்து என்று திருத்தினாலும் அதே உற்சாகத்தோடு ஆட்டுகிறது. பதினாறு என்று காதில் விழுந்த கணமே தொண்டையைக் கனைத்துவிடுகிற பிரகிருதியாகிய நான், அந்தச் சமதிருஷ்டிக்கு எங்கே போவேன்? மணி ஈன்ற குட்டிகள் மூன்றையும் அது எண்ணிப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை.

துணையும் பிராணியும் சேர்ந்தே இருந்தபோதும் அழுத்தம் தணிந்தே காணப்பட்டது என்று அதே ஆராய்ச்சியில் ஒரு வரி உண்டு. அதைக் காட்டி நான் மேல்முறையீடு செய்ததில், எங்கள் இருவருக்கும் நடுவில் மணி படுத்திருக்க வேண்டும், கணக்கு விஷயத்தில் நானும் மணியைப் போலவே அபிப்பிராயமின்றி இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளின் பேரில் கூடத்துக்குள் அனுமதி கிடைத்தது. முதல் நிபந்தனை மணியின் தயவால் ஒழுங்காக நிறைவேறிவருகிறது.