நூறாவது நாளுக்கு ஒரு கிழவன் இலவசம்

உக்காரு தாயி. இந்த மழை இப்போதைக்கு விடாது, நீ டீச்சரா இருந்தாலும் நான் சொல்றதக் கேட்டுத்தான் ஆகணும்.

பள்ளிக்கூடத்துல நூறாவது நாளுக்கு விழா எடுக்கப் போறியாமே? பேத்தி வந்து சொன்னா. நூறாவது நாளுன்னா எனக்குத் தெரிஞ்சது கம்பத்துல ஒட்டுற சினிமா போஸ்டர்தான். எங்க வீட்டுக் கிழவி அதுக்கும் மேல. "ஒண்ணாங்கிளாஸ் புள்ளைய எதுக்குய்யா நூறு நாள் வேலையில சேத்தாங்க?"ன்னு பதறிப் போயிட்டா.

அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, இது அமெரிக்காச் சரக்குன்னு. அவன் ஆகஸ்டு, செப்டம்பர்ல பள்ளிக்கூடம் திறக்கிறான். நூறாவது நாள் வர்றப்ப ஜனவரி கடைசி, பிப்ரவரி ஆயிருது. நல்ல குளிரு. அதான் நீ பிரிண்ட் எடுத்து விட்ட தாள்ல தொப்பி வச்ச பனிப்பொம்மை நிக்குது. நம்ம ஊருல மஞ்சு இறங்கும், பொம்மை பிடிக்கிற பனிக்கு எங்க போறது? நமக்கு ஜூன் மாசம் கொட்டுற மழையில பள்ளிக்கூடம் திறக்கிற பிரவேசனோற்சவம். பலூன், மிட்டாய், கூடவே அழுகை. ஓணம் லீவு, கலெக்டர் விடுற மழை லீவெல்லாம் கழிச்சா நூறு எட்டுறதுக்குள்ள நவம்பர் ஆயிரும். அப்ப வண்டிப்பெரியார் ரோட்டுல ஐயப்பசாமிமார் வண்டிதான். கறுப்பு வேட்டி கட்டின பொம்மையா வரையச் சொல்லு, புள்ளைக கண்ணால பாத்ததாவது இருக்கும்.

இன்னொரு சந்தேகம். 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் வருசத்துக்கு 200 நாள் பள்ளிக்கூடம் நடக்கணும்னு சொல்லுதாம். அப்ப நூறுங்கிறது சரிபாதி. பாதிக் கிணறு தாண்டினதுக்குக் கேக் வெட்டுறது நீ ஒருத்திதான். வெட்டு, வெட்டு. சர்க்கரை வியாதிக்காரன்னு பாக்காம எனக்கும் ஒரு துண்டு குடுத்து விடு.

ஆனா அந்த "நூறு பொருள் ஒட்டிக் கொண்டு வா" சமாச்சாரம் மட்டும் வேண்டாம். மூத்த பேரன் படிச்ச இடத்துல ராத்திரி ஒம்பது மணிக்கு வாட்ஸ்அப்புல சொன்னாங்க. நாள் பூரா கொழுந்து எடுத்துக் கறையேறின கையோட மருமக அட்டையில நூறு பொட்டு ஒட்டினா. பய குறட்டை விட்டான். காலையில பரிசு பயலுக்கு!

புளியங்கொட்டை போதும் தாயி. ஏலக்காய்னு மட்டும் எழுதிறாத, அப்பன்மாரு கடன் வாங்கணும். கிளாஸ்லயே ஒரு குவியலைக் கொட்டி எத்தனை இருக்கும்னு கேளு. ஒருத்தன் பதினஞ்சும்பான், ஒருத்தி ஆயிரம்பா. ரெண்டையும் போர்டுல எழுதிப் போடு, சிரிக்காத. அப்புறம் பத்துப் பத்தா அதுகளே கூறு வைக்கட்டும். பத்துக் கூறு சேந்தா நூறுன்னு விரலுக்குத் தெரிஞ்ச புள்ளைய நாளைக்குக் கொழுந்து எடை போடுற இடத்துல எவனும் ஏமாத்த முடியாது. எங்க காலத்துல கணக்குப்பிள்ள சொன்னதுதான் எடை. ஒண்ணு மட்டும், கொட்டைய மூக்குல சொருகிப் பாக்குறவன் எல்லாக் கிளாஸ்லயும் ஒருத்தன் இருப்பான். அவனை உன் பக்கத்துல உக்கார வச்சுக்க.

நூறு வயசுக் கிழவன் கிழவி வேசம் வேற போடணுமாமே? தலைக்குப் பஞ்சு, கைக்குக் குச்சி, எதுக்கு வீண்செலவு? நானே வாரேன். கூனும் சொந்தம், இருமலும் சொந்தம், வாடகை கிடையாது. ஆளுக்கு ஒரு கேள்வி கேக்கட்டும். "தாத்தா, பல்லு எங்க போச்சு?"ன்னுதான் தொடங்கும், தொடங்கட்டும். இந்த இடுக்கி ஜில்லாவே 1972-ல பொறந்தது, எனக்கு இளையதுன்னு சொல்லுவேன். அதுக நம்பிரும். நீதான் போன்ல தேடிப் பாப்ப.

நெசமாவே ஒண்ணு செய்யணும்னா அந்த டைரிய எடு. கேரளத்துல ஒண்ணாங்கிளாஸ் புள்ளையும் பெத்தவங்களும் சேந்து எழுதுறாங்களே, அதுதான். தெரிஞ்சத புள்ள பென்சில்ல எழுதும், தெரியாத எழுத்த அம்மா பேனாவுல எழுதிக் குடுப்பா. ஆரம்பத்துல எழுதின ஒரு பக்கத்தையும் நூறாவது நாள் பக்கத்தையும் சேத்துச் சுவத்துல மாட்டு. பேனா எங்க கொறைஞ்சிருக்கு, பென்சில் எங்க கூடியிருக்குன்னு அந்தக் குட்டியே விரல் வச்சுக் காட்டட்டும். அன்னைக்கும் பேனாவே கூடுதலா இருக்கிற புள்ளையோட பக்கத்தை மாட்டாத. அதைத் தனியாக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்காத்தி எழுத வை. இன்னும் நூறு நாள் கெடக்குல்ல, இப்பத்தான் உன் பாதிக் கணக்கு உதவும்.

அம்மாமாரைக் கூப்பிடுறதா இருந்தா எஸ்டேட்ல வேலை விட்ட பெறகு வை தாயி. பகல்ல வந்தா அவளுகளுக்கு ஒரு நாள் கூலி போயிரும்.